அம்மாவின் வாய்ப்புண்ணும் நீ அனுப்பிய பாட்டிலும்

அன்புள்ள மகனுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

நேற்று ஃபோனில் நீ சொன்னாய், உன் ரூமில் இருக்கும் பையன் லீவில் ஊருக்கு வருகிறான், அம்மா வாய் கொப்பளிக்கிற மருந்தை அவனிடம் இன்னும் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன் என்று. அம்மா சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் ஆட்டினேன். நம் வீட்டு ஃபோன் எப்படி என்று உனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டால்தான் அவளுக்கு உன்னோடு பேசின மாதிரி இருக்கும். நான் தனியாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், "இன்னா ரகசியம்?" என்று கேட்பாள். அவள் எதிரில் சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் ரூமில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். அவர்களும் மரக்காணத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் பெட்டி கட்டி அனுப்புகிறவர்கள்தானே.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்புகிற அந்த மருந்து அம்மாவின் வாயை ஆற்றவில்லை. ஆற்றுவதற்காக டாக்டர் கொடுத்த மருந்தையும் வேலை செய்ய விடவில்லை. அதை நிறுத்தும்படி டாக்டர் சொன்னார், நானும் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கிறவளாக இல்லை. நீ ஒருத்தன் சொன்னால் கேட்பாள். ஆனால் உனக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் பிள்ளை மனசு ஒடிந்து போவான் என்று என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருக்கிறாள். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன். நீ தப்பு செய்தாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. படித்து முடிக்கிற வரைக்கும் அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

கன்னத்துக்குள் கட்டி என்று தெரிந்தபோது நீ ஓடி வந்தாய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டியைக் கருக்க ரேடியேஷன் கரண்ட் வைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் கூடவே இருந்துவிட்டு, புதுக் கம்பெனியில் வருஷம் முடியாமல் அடுத்த லீவு இல்லை என்றதால் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ ஃபோன் திரையில்தான் பார்த்தாய். அதில் முகம் தெரியும், வாய்க்குள் தெரியாது. கரண்ட் வைக்க வைக்க அவளுக்கு எச்சில் ஊறுவது நின்றுபோனது. நாக்கிலும் அண்ணாக்கிலும் தயிர் படிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்தது. துணியால் துடைத்தால் வரும், அடியில் செக்கச் சிவப்பாக இருக்கும், மறுநாள் மறுபடி படியும். தண்ணீர் விழுங்கினால்கூட கண்ணில் நீர் வழியும். பூஞ்சை என்றார் டாக்டர். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்து, வாயும் வறண்டுபோனால் இப்படி வருமாம். மஞ்சளாக ஒரு சொட்டு மருந்து கொடுத்து, வாயில் வைத்து நன்றாகச் சுழற்றி விழுங்கச் சொன்னார்.

அந்த வாரம்தான் நீ கேட்டாய், வாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று. வாயில் பூஞ்சை என்று நான் சொன்னேன். சொட்டு மருந்து இருக்கிறது என்று சொன்னேனா என்று இன்றைக்கு வரை யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நீ அங்கே மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, கிருமி கொல்லும் மருந்து, கொப்பளித்தால் சுத்தமாகிவிடும் என்று முதல் பாட்டிலை அனுப்பினாய். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல சாராயம் கலந்திருக்குதாடா? அப்டின்னா எனக்கு வேணாம்பா" என்றாள். நீ பாட்டிலைக் காட்டச் சொல்லி, சின்ன எழுத்தைப் படித்து, "ஆமாம்மா, இருக்குது" என்றாய். அதற்குப் பிறகு நீ சும்மா இருந்தாயா. வேலை முடிந்த களைப்போடு கடை கடையாக ஏறி, ஒவ்வொரு பாட்டிலையும் வீடியோவில் காட்டி, "இது இல்ல, இதுலயும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் சாராயம் கலக்காத ஒன்றைக் கண்டுபிடித்தாய். அது பெட்டியில் வந்து இறங்கிய அன்று அவள் அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினாள். பேசினால் வலிக்கிற வாயோடு, சைகையிலேயே சொன்னாள், என் பிள்ளை எனக்காகத் தேடி அலைந்து அனுப்பியது என்று.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் சம்பளத்தில் நீ அனுப்பினாயே ஒரு கம்பளி, புலிப் படம் போட்டது, அதைச் சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்தவள் அவள். வேர்வையில் தெப்பலாக நனைந்துபோய், "எனக்கு ஒண்ணும் வேர்க்கல, நீங்க ஃபேன கொறைங்க" என்றாள். நீ எதை அனுப்பினாலும் அதை உபயோகிக்காமல் இருப்பது உன்னை அவமதிக்கிற காரியம் அவளுக்கு. கம்பளி என்றால் வேர்வையோடு போகும். நாம் சிரித்தோம், மறந்தோம்.

இப்போது அந்தத் தவறு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இதை எங்களைப் போன்றவர்களால்தான் செய்ய முடியும். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை, பள்ளிவாசல் பாங்கு கேட்டுத்தான் பழக்கம். பாங்கு சொன்னால் அம்மா ஒளு செய்யப் போவாள், கை கழுவி வாய் கொப்பளித்து முகம் கழுவுவாள், அந்த நேரத்தில் மருந்தையும் சேர்த்துவிட்டால் மறக்காது என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். முதலில் தண்ணீர். அப்புறம், தண்ணீர் மட்டும் போதாது, பிள்ளை அனுப்பிய மருந்திலும் கொப்பளித்துவிடு, வாய் நன்றாகச் சுத்தமாகட்டும் என்றேன். துப்பியவுடனே, அந்த ஈரம் காயாமலே, நாக்கின்மேல் சொட்டு மருந்து. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுவாள். சுத்தம் பண்ணாத இடத்தில் தொழக் கூடாது, சுத்தம் பண்ணாத வாயில் மருந்து விடக் கூடாது. எங்கள் புத்தி அவ்வளவுதான் போனது. ஒரு வேளைகூட நாங்கள் தவறவில்லை மகனே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் சோம்பேறித்தனமாக இருந்திருந்தால், இரண்டில் ஒன்றை மறந்து தொலைத்திருந்தால், அவள் வாய் ஆறியிருக்கும்.

வெள்ளை போகவேயில்லை. டாக்டர் சொட்டு மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் போகவில்லை. அவருக்கே சந்தேகம் வந்து, "எப்படிக் குடுக்கறீங்க, அப்படியே சொல்லுங்க" என்றார். நான் பெருமையாகச் சொன்னேன். பாங்கு, தண்ணீர், வெளிநாட்டு மருந்து, உடனே சொட்டு மருந்து. அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டவும் செய்தாள். டாக்டர் அதை வாங்கி, சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்தார்.

"இதுவும் நல்ல மருந்துதாங்க. பூஞ்சைய இது கொஞ்சம் அடக்கும். ஆனா இவங்களுக்கு வந்திருக்கிறத இது தனியா எடுக்காது. அதுக்குத்தான் சொட்டு மருந்து. இது வாயில இருக்கும்போதே அத விட்டீங்கன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ரெண்டுமே வேல செய்யாம போயிடும்" என்றார்.

"அப்படின்னா இத்தன நாளா நாங்க விட்டது?" என்று கேட்டேன்.

"பெருசா பலன் இருந்திருக்காதுங்க. விடுங்க, இனிமே இந்தக் கொப்பளிக்கிறது வேணாம், புண்ணு வாய்க்கு எரியும் வேற. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சோடா மாவு கலந்து கொப்பளிச்சா சுத்தத்துக்கு அது போதும். சொட்டு மருந்துக்கு முன்னால பின்னால ஒண்ணும் வேணாம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பினோம். மரக்காணத்துக்கு முன்னால் உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாதீங்க. எவ்ளோ கடை ஏறி எறங்குனான். தெரிஞ்சா அங்க தனியா உக்காந்து அழுவான்" என்றாள். அவள் வாயில் அன்று ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கியிருக்கவில்லை. அப்போதும் அவளுக்கு அந்தக் கவலைதான். சரி என்று சொன்னேன்.

பாட்டில்களை எடுத்து வந்து கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். சொட்டு மருந்து தனியாகப் போனது. ஒரு வாரத்தில் நாக்கின் ஓரம் சிவப்புத் தெரிந்தது, கஞ்சித் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. பிறகு மறுபடியும் வெள்ளை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் சாயந்திர அஸர் தொழுகை நேரத்தில் முன்கூட்டியே வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உட்கார்ந்து, நீ அனுப்பிய மருந்தை மூடியில் ஊற்றி வாயில் வைத்திருக்கிறாள். உன் சின்னம்மாவை அனுப்பிக் கொட்டகையிலிருந்து எடுத்துவரச் செய்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கினேன்.

"நீ இன்னா நெனச்சிக்கிட்டு இருக்கிற? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"அவன் தெனமும் கேக்கறான், கொப்பளிச்சியாம்மான்னு. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"உப்புத் தண்ணில கொப்பளிச்சேன்னு சொல்லு."

"உப்பு நம்ம வீட்டுல மூட்ட மூட்டையா கெடக்குது. அதுக்கா எம்புள்ள கடல தாண்டிப் போயி கஷ்டப்படுறான்? இத வாயில ஊத்துனா அவன் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்குதுங்க. அது எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும்."

ஆயுசு முழுக்க உப்பு விற்றவன் நான். உப்புக்கு அவள் சொன்ன மரியாதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. சண்டை போட்டேன். கெஞ்சினேன். ஒளித்து வைத்தேன். அவள் கண்டுபிடித்தாள். இதே மாதிரி எத்தனையோ தடவை. நோன்பு மாதத்தில் நீ வீடியோவில் கஞ்சி குடிச்சியா என்று கேட்டாய் அல்லவா, அவள் கிண்ணத்தை உதட்டில் வைத்துக் காட்டினாள். நீ ஃபோனை வைத்ததும் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். அப்படியே இருந்தது, நான்தான் குடித்தேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும், "சாப்புடத்தான் முடியல, நோன்பாச்சும் இருந்துட்டுப் போறேன்" என்றாள்.  நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்.

உப்பு விளைந்த பாத்தியில் மழை விழுந்த மாதிரி அவள் கண்ணெதிரே கரைந்தாள். உடம்பு தாங்காது என்று கரண்ட் வைப்பதை நடுவில் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் கட்டி கழுத்துக்கு இறங்கிவிட்டது. நிறுத்தாமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. நீ அனுப்பியதால் அவளுக்கு இப்படி ஆயிற்று என்று யாராவது ஒருநாள் உன் காதில் போடுவார்கள். இது சின்ன ஊர். அப்போது நீ இந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொள். கட்டி கொடுத்தது அல்லாஹ், கொப்பளிக்கும் மருந்து அல்ல. அந்த மருந்து பறித்தது ஒன்றுதான்: இருக்கிற நாளில் வலியில்லாமல் நாலு வாய் சாப்பிடுவதை. அதிலும் உன் பங்கு பாதி, என் பங்கு பாதி.

உனக்கும் பெண்டாட்டி இருக்கிறாள், நாளைக்குப் பிள்ளைகள் வருவார்கள். தூரத்தில் இருந்துகொண்டு ஒருவருக்கு ஒன்று வாங்கி அனுப்புவதற்கு முன்னால், இப்போது என்ன சாப்பிடுகிறாய், எப்படிச் சாப்பிடுகிறாய், கூட என்ன சேர்க்கிறாய் என்று உட்கார்ந்து கேள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவன் எல்லாம் தெரிந்தவன் என்று நினைக்காதே, அவனையும் கேள். பிரியம் இருந்தால் போதும், கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று நான் இருந்துவிட்டேன். நாளைக்கு நீ ஃபோன் செய்யும்போது அம்மாவிடம் நீயே சொல், "கொப்பளிக்கிற மருந்து போதும்மா, எனக்காக நிறுத்தும்மா" என்று. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அங்கே ஒரு டாக்டரைக் கேட்டதாகச் சொல். இந்த ஒரு பொய்க்கு உனக்குப் பாவம் வராது.

இதுவரைக்கும் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். போட்டோ எடுக்கவில்லை, தைரியம் வரவில்லை. அதற்குள் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் முறை வந்துவிட்டது, போய்விட்டு வந்தோம். மீதியையும் எழுதுகிறேன்.

அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இனிமே கரண்டும் வேணாம், ஊசியும் வேணாம் பாய். வலி இல்லாம இருக்கறதுக்கு மட்டும் மருந்து தர்றேன். வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்குங்க. அவங்களுக்கு இன்னா ஆசையோ அதக் குடுங்க" என்றார்.  கேட்பதற்கு எவ்வளவோ இருந்தும் என் வாயில் வந்தது, "அந்தக் கொப்பளிக்கிற மருந்து?" என்பதுதான். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஓ, அதுவா. ஆசப்பட்டாங்கன்னா தண்ணி கலந்து குடுங்க. இப்ப அதனால ஒண்ணும் ஆயிடப் போறதில்ல" என்றார்.

வேண்டாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் அவள் பிழைப்பாள் என்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. கொடுங்கள் என்றபோது அது இல்லை. எனக்கு அது அங்கேயே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை நானே எடுத்தேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து அவள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் மூடியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அவள் வாயருகே கொண்டுபோனேன். என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாங்க, டாக்டர் வேணாம்னாங்களே."

"இன்னைக்குக் கேட்டேன். குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு சிரித்தாள். "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். எம்புள்ள அனுப்புனது எனக்குக் கெடுதல் பண்ணாதுன்னு. நீங்கதான் கேக்கல" என்றாள். ஆமாம், நான்தான் கேட்கவில்லை என்றேன். தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டேன். அவள் கொப்பளித்துத் துப்ப, நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எரிந்திருக்கும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே மேலே நான் எழுதியதை விட்டுவிடு மகனே. நிறுத்தச் சொல்லி நீ அவளிடம் சொல்ல வேண்டாம். கொப்பளிச்சியாம்மா என்று அவள் ஆசை தீர எப்போதும்போல் கேள். இன்று சாயந்திரம் அவளே உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். பாட்டில் தீரப் போகிறதாம், அடுத்ததை அனுப்ப வேண்டுமாம், மறந்துவிடப் போகிறானாம். சொல்கிறேன் என்றேன், சொல்லிவிட்டேன். ரூம் பையனிடம் கொடுத்தனுப்பாதே. கம்பெனி லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீயே எடுத்துக்கொண்டு வா. அவள் கண் திறந்து பார்க்கிறபோதே வந்துவிடு.

உன் அத்தா